மெழுகீட்டாளன்

கொழும்பிலிருந்து பற்கள் வந்தன,
இருபத்தெட்டு, அட்டையில் வரிசையாய் ஒட்டி,
யாரோ கிழித்த புத்தகத் தாளில் சுருட்டி.
தாளில் பாதி வாக்கியம்:
செரோபிளாஸ்ட் என்பவன் மெழுகில் உருவம் பிடி
அதற்கப்பால் கிழிசல்.

பிடிப்பவனா, பிடித்துவிட்டு விடுபவனா,
தாள் சொல்லவில்லை.
மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவைத்தேன்.

ஹட்டனில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில்
பல் கட்டுகிறவன் நான்.
குடிசன மதிப்பீட்டுக்கு வந்த பிள்ளை
தொழில் என்ற கட்டத்தில் பேனையை நிறுத்தி
"பல் டொக்டர்னு போடட்டுங்களா?" என்றாள்.
வேண்டாம், அவர் கீழே இருக்கிறார், கோபிப்பார்.
"அப்ப ஏனையவை."
சரி, ஏனையவை.

மண்ணில் உருச் செய்தவனுக்கு
மண்ணீட்டாளன் என்று சொல் வைத்தவர்கள்
மெழுகுக்கு வைக்க மறந்துவிட்டார்கள்.
நானே வைத்துக்கொண்டேன்.
யாரிடமும் சொன்னதில்லை,
பெயர்ப்பலகைக்காரன் எழுத்துக்கு இவ்வளவென்று கேட்பான்.

தை மாதப் பனியில்
கத்தி முனைக்கு வருமுன்னே மெழுகு விறைத்துவிடும்.
ஸ்பிரிட் விளக்கில் காட்டி, கக்கத்தில் வைத்து,
மறுபடி காட்டி,
ரோஸ் நிறத் தகட்டை ஈறாக்குவேன்.
ஒவ்வொரு பல்லின் வேருக்கும்
ஒரு சின்ன மேடு, பக்கத்தில் ஒரு சரிவு.
ஜன்னலுக்கு வெளியே மலையும் அப்படித்தான்.
பழைய பிரஷ்ஷால் குத்திக் குத்தி
தோடம்பழத் தோல்போல் புள்ளி வைப்பேன்.

பிறகு சாந்தில் புதைத்துக் கொதிநீரில் இறக்குவேன்.
ஐந்து நிமிடம்.
என் ஈறு ரோஸ் நிற எண்ணெயாய் மிதக்கும்.
அது இருந்த குழியில் பிளாஸ்டிக் போய் உட்காரும்.
பதினொரு வருடம் செய்ததெல்லாம்
கழிநீர்க் குழாயில் உறைந்து
இரண்டு தடவை பிளம்பர் வந்துபோனார்.

சவரியப்பன் வந்தது அந்தத் தையில்.
டிக்கோயாவிலிருந்து நோர்வூட்வரை
ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி
சாவுச் செய்தி சொல்லித் திரிந்தவன்.
மேலே ஒன்றுமில்லை, கீழே இரண்டு ஆடுகின்றன.
"அன்னாரின்னு சொன்னா
காத்துதாங்க வருது" என்றான்.
ஆட்கள் சிரித்துவிடுகிறார்களாம்,
செத்தவனுக்கு முன்னால்.

மெழுகுப் பல்லை மாட்டிப் பார்க்கும் நாளில்
அறுபத்தாறு சொல்லச் சொல்வது வழக்கம்.
அவன் எழுந்து நின்றான், தொண்டையைச் செருமினான்.
அன்னாரின் பூதவுடல், என்றான்,
நாளை பிற்பகல் மூன்று மணியளவில், என்றான்.
கீழே மருந்துக்கு நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.
"யாருங்க?" என்று ஒருவர் கேட்டார்.
கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு
சவரியப்பன் சொன்னான்:
"யாருமில்ல. சும்மா."

கழற்றி வாங்கினேன்.
திங்கட்கிழமை அவித்து எடுத்துவிடலாம்.

ஞாயிறு காலை ஒலிபெருக்கி வந்தது.
லொத்தர் விற்கிறவனின் குரல்,
அதே அவசரம், அதே இழுவை,
அதிர்ஷ்டம் சொல்கிறானோ என்று
கடைசியில்தான் பெயரைக் கேட்டேன்.

மதியம் மகன் செபஸ்டி ஏறிவந்தான்.
"வாய் உள்ளுக்குப் போயி
வேற யாரோ மாதிரி கெடக்குறாரு.
அந்த மெழுகு இருக்குதுங்களா?"

லயத்து முன்னறையில், பெட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு
என் விரலால் மாட்டினேன்.
உதடு மெல்ல மேலேறி உட்கார்ந்தது.
அவன் மனைவி கிட்டே வந்து பார்த்தாள்,
முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்,
"ஆமா" என்றாள்,
யாரோ கேட்டதற்குப் பதில்போல.

கொதிநீருக்குப் போகாதது அது ஒன்றுதான்.
தேயிலைக்கு நடுவே, ஆறடிக் குளிரில்,
நான் குத்திய புள்ளிகள் கலையாமல் இருக்கும்.
அங்கே உருகுவதற்கு ஒன்றுமில்லை.

புறப்படும்போது செபஸ்டியைக் கூப்பிட்டு
தலைமாட்டு மெழுகுதிரி இரண்டையும்
சற்றுத் தள்ளி வைக்கச் சொன்னேன்.
ஏன் என்று அவன் கேட்கவில்லை.